மீன் பேணியில் ஒரு முத்திரை

நம் நாட்டு மளிகைக் கடைகளிலே தகரப் பேணியில் அடைத்து விற்கப்படும் மீனுக்குச் ‘செமன்’ என்று பெயர். விற்பவரும் அப்படியே சொல்வார். வாங்குபவரும் அப்படியே கேட்பார். பேணியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் கும்பளாவை ஒத்த வேறொரு மீனாகவே இருக்கும். உண்மையான சால்மன் மீனோ வட பசிபிக், வட அத்திலாந்திக் சமுத்திரங்களிலே வாழ்வது. பெயர் ஒன்று, பொருள் வேறொன்று. ஆயினும் இதனால் எவருக்கும் பெருங்கேடு விளைந்ததாகக் கூறுவதற்கில்லை. கறியும் சுவையாகவே இருக்கின்றது.

ஆனால் மேனாட்டுக் கடைகளிலே மீன் பேணிகளின்மேல் இப்பொழுது மற்றுமொரு சொல் காணப்படுகின்றது. அது மீனின் பெயரன்று. அது பிடிக்கப்பட்ட முறைக்குக் கொடுக்கப்படும் நற்சான்று. ‘நிலைபேறானது’ என்பது அதன் பொருள். இன்று நாம் பிடிக்கும் மீன் நாளை நம் பிள்ளைகளுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்கும் கிடைக்கத்தக்க வகையிலே பிடிக்கப்பட்டது என்பதே அதன் உட்கருத்து.

கேட்பதற்கு எளிய சொல்தான். ஆனால் அதற்குப் பொருள் கூறும் உரிமை எவருக்கு உண்டு? கடலை ஆராயும் விஞ்ஞானிக்கா? சட்டம் இயற்றும் அரசாங்கத்துக்கா? முத்திரை வழங்கும் சபைக்கா? மீனை விற்கும் வியாபாரிக்கா? அல்லது விடியுமுன்னே தோணியேறும் மீனவனுக்கா? இக்கேள்வி 2013ஆம் ஆண்டிலே அலாஸ்கா மாநிலத்து மீனவரையும், உலகிலேயே மிகப் பெரிய சில்லறை வியாபார நிறுவனமாகிய வால்மார்ட்டையும் எதிரெதிரே நிறுத்தியது. அவ்வரலாறு நம் குடும்பத்தவரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

கொட் மீன் புகட்டிய பாடம்

முத்திரை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எவ்வாறு பிறந்தது என்பதை முதற்கண் நோக்குவோம். கனடாவின் கீழ்க்கரையிலே நியூபவுண்ட்லாந்து என்னும் தீவு உண்டு. 1497இல் யோன் கபொட் என்னும் மாலுமி அக்கடலுக்குச் சென்று திரும்பியபோது, அங்கே கூடையை இறக்கியே கொட் மீனை அள்ளலாம் என்ற செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது. அன்றுதொட்டு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அம்மீனே அத்தீவின் உணவாகவும் ஊதியமாகவும் விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. பிடித்த மீனைக் கடலிலேயே வெட்டிக் குளிரூட்டிச் சேமிக்கும் மிதக்கும் ஆலைகள் அவை. 1968இல் மட்டும் ஏறக்குறைய எட்டு இலட்சம் தொன் கொட் மீன் அக்கடலிலிருந்து வாரப்பட்டது. 1977இல் கனடா இருநூறு மைல் எல்லையை வகுத்து, அந்நியக் கப்பல்களை விலக்கியது. விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள், அரசாங்கம் ஆண்டுதோறும் அளவு விதித்தது. எல்லாம் சட்டப்படியே நடந்தது. ஆனால் கணக்குத் தவறாயிற்று. 1992 யூலை 2ஆம் திகதி கொட் மீன்பிடி முற்றாக நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய முப்பதினாயிரம் பேர் தொழில் இழந்தனர். அத்தடை நீங்க 2024ஆம் ஆண்டுவரை, அஃதாவது முப்பத்திரண்டு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

‘அரசாங்கம் கவனித்துக்கொள்ளும்’ என்ற நம்பிக்கை அன்று ஆட்டங் கண்டது. மீனை வாங்கி விற்கும் பெருவணிகரும் கலக்கமுற்றனர். கடலில் மீன் இல்லையேல் கடையிலும் மீன் இல்லை அன்றோ? குளிரூட்டிய மீனைப் பேரளவிற் கொள்வனவு செய்துவந்த யூனிலீவர் கொம்பனியும், உலக வனசீவராசிகள் நிதியமும் 1996இல் கைகோத்தன. இதன் பயனாக 1997இல் இலண்டன் மாநகரிலே மரைன் ஸ்டூவட்ஷிப் கவுன்சில் என்னும் கடற் பரிபாலனச் சபை தோன்றியது. 1999இல் அது அவ்விரு தாபனங்களையும் விட்டுத் தனித்தியங்கத் தொடங்கியது.

அச்சபை மூன்று கேள்விகளைக் கேட்கின்றது. மீனினம் பெருகி நிலைக்கின்றதா? அம்மீனைப் பிடிப்பதனாற் கடலின் ஏனைய உயிர்களுக்குக் கேடு உண்டா? மீன்பிடியை நிருவகிக்கும் முறை செம்மையாக உள்ளதா? இக்கேள்விகள் பல சிறு அளவைகளாகப் பிரிக்கப்பட்டுப் புள்ளிகள் இடப்படுகின்றன. எந்த அளவையிலும் 60 புள்ளிக்குக் குறைதல் கூடாது. மூன்று பகுதிகளிலும் சராசரி 80 பெறல் வேண்டும். 80க்குக் குறைந்த அளவைகளைக் குறித்த காலத்துள் திருத்துவதாக வாக்குறுதி அளித்தல் வேண்டும். தேர்வை நடத்துவது சபையன்று, வேறு தணிக்கையாளர். தேறிய மீன்பிடிக்கு ஐந்தாண்டுச் சான்றிதழ் கிடைக்கும். அதன் மீனை விற்போர் கட்டணம் செலுத்தி நீல நிற முத்திரையைப் பொறித்துக்கொள்ளலாம்.

2000ஆம் ஆண்டிலே அம்முத்திரையைப் பெற்ற முதன் மீன்பிடிகளுள் அலாஸ்காச் சால்மனும் ஒன்று. புதிய சபைக்கு அலாஸ்காவின் பெயரும், அலாஸ்காவுக்குப் புதிய சபையின் முத்திரையும் அக்காலத்தில் ஒன்றுக்கொன்று பெருமை சேர்த்தன.

சட்டமே சான்று

அலாஸ்கா மக்கள் இம்முத்திரையை இரந்து பெற்றவரல்லர். அவர்களுக்கென்று ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1867இல் அந்நிலத்தை இரசியாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கியது. 1878இலே மீனைப் பேணியில் அடைக்கும் ஆலைகள் தொடங்கின. வெளியூர் முதலாளிகளே அவற்றின் உடைமையாளர். ஆற்றுமுகங்களின் அருகே அவர்கள் நிறுத்திய பெரிய மீன்பொறிகள் முட்டையிட வரும் சால்மனை வகைதொகையின்றி வாரின. 1953இல் சால்மன் வருவாய் மிக வீழ்ச்சியுற்று, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் அதனைப் பேரிடர் எனப் பிரகடனஞ் செய்ய நேர்ந்தது.

ஆதலின் 1959 ஜனவரியிலே அலாஸ்கா தனி மாநிலமானபோது, மீன்பொறிகளை ஒழிப்பதற்கு மக்கள் ஏலவே வாக்களித்திருந்தனர். அம்மட்டோ? மாநிலத்தின் அரசியலமைப்பிலேயே, மீனும் காடும் ஏனைய வளரும் வளங்களும் தொடர்ந்து பலன் தரும் வகையிலே பேணிப் பயன்படுத்தப்படல் வேண்டும் என்று ஒரு பிரிவு எழுதப்பட்டது. மேனாட்டுக் கடைகளிலே ‘நிலைபேறு’ என்ற சொல் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டு முன்னரே அலாஸ்கா அதனைச் சட்டமாக்கிவிட்டது.

அச்சட்டம் ஆற்றங்கரையில் எவ்வாறு இயங்குகின்றது என்பது சுவை மிக்க செய்தி. சால்மன் ஆற்றிலே பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே மீளுவது. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஆகவே எத்தனை மீன் ஆற்றின் மேற்பகுதியை அடைந்தது என்பதைக் கொண்டே வருங்காலத்தை மதிப்பிடலாம். பிறிஸ்டல் குடாவை அடையும் ஆறுகளின் கரைகளிலே கோபுரம் போன்ற பரண்கள் அமைத்து, ஒவ்வொரு மணித்தியாலத்திலும் பத்து நிமிடம் அங்கே நின்று, தெளிந்த நீரின் கீழ்ச் செல்லும் மீன்களை ஊழியர் எண்ணுகின்றனர். நீர் கலங்கிய ஆறுகளில் ஒலிக்கருவிகளைக் கொண்டு எண்ணுகின்றனர். போதிய மீன் மேலேறவில்லையாயின், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி உடனே மீன்பிடியை மூடிவிடுவார். வலையுடன் காத்திருக்கும் மீனவன் எவ்வளவு கடன்பட்டிருப்பினும் மூடியது மூடியதே. 2013ஆம் ஆண்டிலே அலாஸ்காவிற் பிடிபட்ட சால்மன் 27 கோடிக்கும் மேல் எனின், இம்முறையின் பயன் விளங்கும்.

பிணக்கின் மூலம்

இங்ஙனமாயின் முத்திரைச் சபைக்கும் அலாஸ்காவுக்கும் பிணக்கு எதனால் எழுந்தது? காரணங்கள் இரண்டு. ஒன்று கொள்கை பற்றியது. மற்றையது பணமும் பெயரும் பற்றியது.

கொள்கை விடயம் குஞ்சு பொரிப்பகங்களைப் பற்றியது. 1970ஆம் ஆண்டுகளிலே மீன் குறைந்த காலத்தில், மீனவருக்கு உதவும்பொருட்டு அலாஸ்காவிற் பொரிப்பகங்கள் அமைக்கப்பட்டன. அங்கே பொரித்த சால்மன் குஞ்சுகள் கடலில் விடப்படுகின்றன. வளர்ந்து மீண்டு வருகையிற் பிடிக்கப்படுகின்றன. பிறின்ஸ் வில்லியம் குடாவில் மட்டும் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான குஞ்சுகள் விடப்படுகின்றன. தொடர்ந்து பலன் தரவேண்டும் என்ற அலாஸ்காவின் இலக்கணப்படி இது போற்றத்தக்க செயல். மீன் குறையவில்லை, கூடியது. ஆனால் முத்திரைச் சபையின் இலக்கணம் வேறு கேள்வியைக் கேட்டது. பொரிப்பகத்து மீன்களிற் சில வழிதவறி இயற்கை மீன்களின் ஆறுகளுக்குட் புகுந்து, அவற்றுடன் கலக்கின்றனவே. அதனால் இயற்கை இனத்தின் வீரியம் குன்றுமா? இதற்கு விடை காணும்வரை முழுச் சான்று அளிக்க இயலாது என்றனர் தணிக்கையாளர்.

இவ்விரு சாராருள் எவரையும் பொய்யர் என நாம் சொல்ல இயலாது. ஒருவர் மீனின் தொகையை நோக்குகின்றார். மற்றவர் மீனின் குலத்தை நோக்குகின்றார். சொல் ஒன்றாயினும் அளவுகோல் இரண்டு.

இனி, இரண்டாவது காரணத்தைப் பார்ப்போம். தணிக்கைக்கும் முத்திரைக்கும் ஆகும் செலவு மீனவர்மேலும் ஆலைகள்மேலும் விழுந்தது. அன்றியும், 2009 முதல் இரசியச் சால்மன் சிலவும் அதே நீல முத்திரையைப் பெற்றன. அலாஸ்கா என்ற பெயரே நற்சான்றாக இருந்த நிலை மாறி, எல்லாம் ஒரே முத்திரைக்குள் அடங்கிவிட்டதே என மனங்குமைந்தனர் அலாஸ்கா மக்கள். எங்கள் மீனை ஆளும் சட்டத்தை எங்கள் மக்கள் எழுதினார்கள். இலண்டனிலுள்ள ஒரு தனியார் சபைக்கு அதனைத் திருத்தும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதே அவர்கள் வினா.

2012 ஜனவரியிலே அலாஸ்காவின் எட்டுப் பெரிய மீன் ஆலைகள் நீல முத்திரையைத் தாம் இனி நாடப்போவதில்லை என அறிவித்தன. அதற்கு மாற்றாக, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் 1995இல் வகுத்த பொறுப்பு வாய்ந்த மீன்பிடி ஒழுக்கக் கோவையை அடிப்படையாகக் கொண்டு, அலாஸ்கா தனக்கென ஒரு சான்று முறையை அமைத்திருந்தது. 2011இலே சால்மனுக்கு அச்சான்றும் கிடைத்திருந்தது.

கடைக்காரரின் கணக்கு

இவ்விடத்தே வால்மார்ட் மேடைக்கு வருகின்றது. 2006ஆம் ஆண்டிலேயே, வட அமெரிக்காவில் தான் விற்கும் கடல்மீன் அனைத்தையும் நீல முத்திரை பெற்ற மீன்பிடிகளிலிருந்தே வாங்கும் நிலையைச் சில ஆண்டுகளில் எய்துவதாக அந்நிறுவனம் பகிரங்கமாக வாக்களித்திருந்தது. ஆயிரக்கணக்கான கடைகளை நடத்தும் வியாபாரி ஒருவன் ஒவ்வோர் ஆற்றிலும் பரண்மேல் நின்று மீன் எண்ண இயலாது. அவனுக்கு வேண்டியது எளிதிற் சரிபார்க்கத்தக்க ஓர் அடையாளம். வாடிக்கையாளரும் சுற்றாடல் இயக்கத்தினரும் வினவினாற் காட்டுவதற்கு ஒரு முத்திரை. ஆகவே கடையின் அகராதியில் ‘நிலைபேறு’ என்பது ‘முத்திரை உடையது’ என்று சுருங்கிவிட்டது.

2013இன் நடுப்பகுதியில், முத்திரையற்ற அலாஸ்காச் சால்மனை இனி வாங்குவதற்கில்லை என்ற செய்தி வால்மார்ட்டுக்கு மீன் வழங்குவோரை எட்டியது. அலாஸ்கா கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய பூங்காச் சேவையும் தன் உணவகங்களுக்கு அத்தகையதொரு விதியை எழுதியிருந்தமை எரியும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. அலாஸ்கா மாநிலத்தின் கண்காணிப்பில் உள்ள மீனை அமெரிக்கப் பூங்காவிலேயே பரிமாறத் தயங்குவதா என்று அலாஸ்காவின் செனெற்றர்கள் வெகுண்டனர். செப்டெம்பர் மாதம் செனெற் சபையின் உபகுழு ஒன்று இவ்விடயத்தை விசாரித்தது. வால்மார்ட் அதிகாரிகள் அலாஸ்காவுக்கே சென்று நேரிற் பார்வையிட்டனர். பல்கலைக்கழகங்களின் தொடர்புடைய ஆய்வுக் கூட்டமைப்பு ஒன்றிடம், முத்திரையைப் பாராமல் அடிப்படைத் தத்துவங்களைக் கொண்டு மீன்பிடிகளை மதிப்பிடும் முறையொன்று கோரப்பட்டது. முடிவில் 2014 ஜனவரியிலே வால்மார்ட் தன் விதியைத் தளர்த்தி, அலாஸ்கா மீனை ஏற்றுக்கொண்டது.

இத்துடன் கதை முடிந்தது என எண்ண வேண்டாம். பின்வாங்கிய ஆலைகளுட் பல 2015இல் மீண்டும் நீல முத்திரையை நாடின. ஐரோப்பியச் சந்தையிலே அம்முத்திரையின்றி விற்பது கடினமாயிருந்தமையே காரணம். நாட்டின் மானத்துக்காக விட்டதை வியாபாரத்துக்காக மீண்டும் கேட்க நேர்ந்தது. மறுபுறத்தே, முத்திரைகள் பலவாகப் பெருகியமையால், முத்திரைகளையே சோதிக்கும் உலகளாவிய முயற்சி ஒன்று 2013இல் தொடங்கியது. உணவு விவசாயத் தாபனத்தின் வழிகாட்டிகளை உரைகல்லாகக் கொண்ட அம்முயற்சி, 2016இல் அலாஸ்காவின் முறையை முதன்முதலில் அங்கீகரித்தது. நீல முத்திரையை 2017இல் அங்கீகரித்தது. இருவேறு இலக்கணங்களும் ஒரே உரைகல்லிற் பொன் எனத் தேறின!

சிங்கி இறாலும் திமிங்கிலமும்

இப்பிணக்கு அலாஸ்காவுடன் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் கீழ்க்கரையிலே மெயின் மாநிலத்துச் சிங்கி இறால் பெயர் பெற்றது. அங்குள்ள மீனவர், முட்டை தாங்கிய பெண் இறால் அகப்பட்டால், அதன் வாலிற் சிறு வெட்டு ஒன்றை இட்டு மீண்டும் கடலில் விடுவர். வாலில் அவ்வெட்டுள்ள இறாலைப் பின்னர் எவரும் பிடித்து விற்றலாகாது. இறாலினத்தைக் காப்பதற்கு இதனினும் எளிய, அழகிய முறை உண்டோ?

ஆயினும் 2022 செப்டெம்பரில் கலிபோர்னியாவிலுள்ள மொன்ரறே குடா மீன்காட்சிச்சாலை தனது மீன் பட்டியலில் அவ்விறாலைச் சிவப்புப் பகுதியிற் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் நீல முத்திரைச் சான்றும் இடைநிறுத்தப்பட்டது. ஹோல் பூட்ஸ் என்னும் கடைத் தொகுதி மெயின் இறாலை வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. இறால் குறைந்தமை காரணமன்று. இறாற் கூடுகளைக் கட்டியிருக்கும் கயிறுகளிலே வட அத்திலாந்திக் ‘ரைட்’ திமிங்கிலங்கள் சிக்குண்டு மடியக்கூடும் என்பதே காரணம். உலகில் அத்திமிங்கிலங்கள் நானூறுகூட இல்லை.

எங்கள் கயிற்றினால் இறந்த திமிங்கிலம் ஒன்றையேனும் காட்டுங்கள் என மெயின் மீனவர் கேட்டனர். 2023இல் வழக்கும் தொடுத்தனர். 2024 ஜனவரியில் மாசச்சூசெற்ஸ் கரையிலே இளந் திமிங்கிலம் ஒன்று இறந்து ஒதுங்கியது. அதன் வாலைச் சுற்றியிருந்த கயிறு மெயின் இறாற் கூட்டுக் கயிற்றை ஒத்தது என அமெரிக்க அரசின் நிபுணர் கண்டனர். எச்சரித்தவரின் அச்சம் வீணன்று என்பது தெளிவாயிற்று. அதற்காக, தலைமுறை தலைமுறையாக இறாலைக் காத்துவந்த மீனவன் கொடியவனாகி விடுவானா? அதுவுமில்லை. இறாலுக்கு நன்மை செய்த கை திமிங்கிலத்தைப் பற்றி நினையாதிருந்தது, அவ்வளவே.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 1990 முதல் அமெரிக்கச் சூரை மீன் பேணிகளில் ‘ஓங்கிலுக்குத் தீங்கற்றது’ என்ற அடையாளம் இடப்படுகின்றது. ஓங்கில்களைச் சூழ்ந்து வலையிட்டுப் பிடித்த மீன் அன்று என்பதற்கு அது சான்று. ஆனால் பேணிக்குள் இருக்கும் சூரையினம் பெருகுகின்றதா, அருகுகின்றதா என்பதைப் பற்றி அவ்வடையாளம் ஒன்றுமே சொல்வதில்லை. வாங்கும் குடும்பத்தலைவியோ, கடலுக்கு எல்லா நன்மையும் செய்துவிட்டதாக எண்ணிப் பேணியைக் கூடையில் இடுகின்றாள்.

நம் அடுக்களைவரை

இவையெல்லாம் தூர தேசத்துக் கதைகள் என நாம் இருந்துவிட முடியாது. சட்டத்துக்கு மாறான மீன்பிடியைத் தடுப்பதிற் குறை உண்டு எனக் கூறி, 2015 ஜனவரி முதல் இலங்கை மீனை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. அத்தடை 2016 யூனில் நீக்கப்பட்டது. அங்கே எழுந்த கேள்வி மீன் குறைந்ததா என்பதன்று. படகு எங்கே நின்று பிடித்தது, அதற்குக் கணக்கு உண்டா என்பதே. அதுவும் ‘நல்ல மீன்’ என்பதற்கு மற்றுமோர் இலக்கணம்.

நம் சம்பலுக்கு இடிக்கும் மாசியை எடுத்துக்கொள்வோம். மாலைதீவார் தூண்டிற் கோலினால் ஒவ்வொன்றாகச் சூரையைப் பிடித்து, அவித்துப் புகையூட்டி உலர்த்தி மாசியாக்குவது நூற்றாண்டுகள் கடந்த வழக்கம். அத்தூண்டிற் சூரைக்கு 2012இல் நீல முத்திரை கிடைத்தது. முத்திரை கிடைப்பதற்கு முன்னும் பின்னும் தூண்டிலும் ஒன்றே, மீனும் ஒன்றே. ஆனால் அம்முத்திரை அதற்கு மேனாட்டுச் சந்தையின் கதவைத் திறந்தது. முத்திரை பெறுவதற்குப் பொருளும் ஆளும் இல்லாத சிறு மீனவர் எத்தனை நாடுகளில் எத்தனை கரைகளில் இருக்கின்றனர் என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். முத்திரையில்லா மீனெல்லாம் தீய மீனன்று.

ஆயின் முத்திரை வீணா? அல்ல. கொட் மீனின் அழிவை நினைவிற் கொண்டோர், அயலார் ஒருவர் வந்து சோதிப்பதன் அவசியத்தை மறுக்கமாட்டார். பொரிப்பகத்து மீனைப் பற்றி வெளியார் கேள்வி கேட்டமையும் அலாஸ்கா தன் ஆறுகளில் ஆராய்ச்சி நடத்துவதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. அதேபோல், தம் ஆற்றைத் தாமே எண்ணிக் காக்கும் மக்களின் சட்டத்தைப் புறக்கணித்து, ஒரு முத்திரை இல்லை என்பதற்காக அவர்தம் மீனை ஒதுக்குவதும் நீதியாகாது. வெளியாரின் தணிக்கையும் வேண்டும். உள்ளூராரின் பொறுப்பும் வேண்டும்.

மாணவர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். ‘நிலைபேறானது’ என்ற சொல்லை எங்கேனும் கண்டால், நான்கு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எது நிலைக்கும் என்கிறார்கள்? மீனா, கடலா, மீனவன் குடும்பமா, வியாபாரமா? எத்தனை காலத்துக்கு? அளந்தவர் யார்? அளந்தவருக்குக் கூலி கொடுத்தவர் யார்? இந்நான்குக்கும் விடை கிடைத்தால் அந்தச் சொல்லின் பெறுமதி தெரிந்துவிடும். பெற்றோரும் அடுத்த முறை சந்தைக்குப் போகையில், இந்த மீன் எங்கே, எப்படிப் பிடிபட்டது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். விற்பவருக்கு விடை தெரியாதிருக்கலாம். பலர் கேட்கத் தொடங்கினால் அவரும் தோணிக்காரரிடம் கேட்பார்.